லைக் போடாத அக்கா

அந்த அக்கா யாருடைய படத்துக்கும் லைக் போட்டதில்லை.

"உன்ர வீட்டு வாசல் படலைக்கு முன்னால ஒராள் வந்து நிண்டு, கையை மட்டும் காட்டிப்போட்டு ஒண்டும் கதையாமல் போறார். அந்தாளைப் பற்றி நீ என்ன நினைப்பாய்? விசர் எண்டு நினைப்பாய். லைக் எண்டுறது அதுதான்" என்பார்.

மன்னாரில், பள்ளிமுனையில் எங்கள் வீட்டுக்கும் அவருடைய வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி இருந்தது. சண்டை முடிந்து, மடுவுக்கும் இந்தியாவுக்கும் சிதறிப்போன குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து, தகரக் கூரைக்குக் கீழே மறுபடி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அக்கா கருவாடு போடுகிறவர். புருசன் உயிரோடு இல்லை. ஒரே மகன் கட்டாரில். அவன்தான் ஒரு போனை அனுப்பி, தன் பெயரிலேயே ஒரு முகநூல் கணக்கும் திறந்து கொடுத்தான். முகம் இருக்க வேண்டிய இடத்தில், பாயில் காயப்போட்ட கருவாட்டின் படம்.

ஆனால் அந்தப் போன் அக்காவின் விரலுக்கு மசியவில்லை. உப்பிலும் மீன் முள்ளிலும் கிடந்து அவருடைய விரல் நுனிகள் காய்ந்து வெடித்திருந்தன. எத்தனை தரம் தட்டினாலும் கண்ணாடி அசையாது. சேலையில் துடைத்துவிட்டுத் தட்டுவார். எச்சில் தொட்டுத் தட்டுவார். கடைசியில் போனை வேலிக்கு மேலால் என்னிடம் நீட்டினார்.

"என்ர விரலை இதுக்கு ஆளெண்டு தெரியுதில்லை. இந்தா பிள்ளை, நீ எழுது."

அன்றிலிருந்து நான் அவருடைய விரல் ஆனேன்.

இந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமில்லாத ஒருத்தி எங்கள் ஒழுங்கையில் இருந்திருக்க மாட்டாள். நான் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரம் வரை படித்தவள். கடைக்குப் போனால், முன்னுக்கு நிற்கிறவர்கள் எல்லோரும் வாங்கிக்கொண்டு போகும் வரைக்கும் பேசாமல் நின்று, கடைக்காரர் தானாக "என்ன வேணும்" என்று கேட்ட பிறகுதான் வாய் திறப்பேன். கோயிலில் கடைசி வாங்குதான் என் இடம். எனக்கும் ஒரு முகநூல் கணக்கு இருந்தது. பிறந்தநாள்காரருக்கு 'வாழ்த்துகள்', செத்தவருக்கு 'ஆழ்ந்த அனுதாபங்கள்', மிச்சப் பேருக்கு லைக். அதற்கு மேல் நான் யாரோடும் கதைத்ததில்லை.

அக்கா படம் பார்க்கிற விதமே வேறு. "பெருசாக்கு" என்பார். நான் இரண்டு விரலால் பெரிதாக்குவேன். நடுவில் சிரித்துக்கொண்டு நிற்கிறவர்களை அவர் பார்க்க மாட்டார். "அவையளைத்தான் எல்லாரும் பாக்கினமே." ஓரத்துக்குப் போகச் சொல்லுவார். ஓரத்தில் ஒரு கதிரை, ஒரு செருப்பு, பாதி தெரிகிற ஒரு ஆள். அங்கே நின்று, மீனில் பழுது பார்க்கிற மாதிரிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார்.

ஒரு முறை, எங்கள் ஊரிலிருந்து நோர்வேக்குப் போன ஒரு குடும்பம் பிள்ளையின் பிறந்தநாள் படத்தைப் போட்டிருந்தது. அதற்குக் கீழே வரிசையாக வாழ்த்துகள், கேக்குகள், இதயங்கள். அக்கா ஓரத்துக்குப் போகச் சொன்னார். அங்கே ஒரு வயதான அம்மா கோப்பையோடு நின்றார். மணிக்கட்டில் வெள்ளைத் துணிக் கட்டு.

"எழுது. நான் பள்ளிமுனையில இருந்து கதைக்கிறன். அந்தப் பச்சைச் சேலைக்காற அம்மாவின்ர கைக்கு என்ன நடந்தது?"

"அக்கா, இது பிறந்தநாள் படம்."

"பிறந்தநாளுக்குக் கை நோகாதோ? எழுது."

காது சுடச் சுட எழுதினேன். கேக்குகளுக்கும் இதயங்களுக்கும் நடுவில் அந்தக் கேள்வி, கலியாண வீட்டுக்குள் கருவாட்டுக் கடகத்தோடு வந்து நின்ற ஆளைப் போல நின்றது. யாரோ ஒருவர் சிரிப்புப் படம் ஒன்றைப் போட்டார். இன்னொருவர் 'ஆரப்பா இது' என்று கேட்டார். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அந்த அம்மாவே, பேரப்பிள்ளையைக் கொண்டு எழுதுவித்திருந்தார். பனியில் சறுக்கி விழுந்ததாகவும், சமைக்க முடியாமல் இருப்பதாகவும், இதுவரைக்கும் ஒருவரும் இப்படிக் கேட்கவில்லை என்றும் எழுதியிருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்ததும் அக்கா அவரிடம் கேட்பார். முதலில் கையைப் பற்றி. பிறகு மருமகளைப் பற்றி. பிறகு அந்த அம்மா அக்காவிடம் கேட்கத் தொடங்கினார்.

இன்னொரு ஆள் ஒவ்வொரு நாளும் விடிய ரோசாப்பூப் படத்தோடு 'இனிய காலை வணக்கம்' அனுப்புவார். கட்டாரில் மகனோடு வேலை செய்தவராம். ஆயிரம் பேருக்கு அனுப்புகிற படம். நான் பார்க்காமலே தள்ளிவிடுகிற வகை. அக்கா விடவில்லை.

"எழுது. தம்பி, இந்தப் பூ எங்க பூத்தது?"

ஒரு கிழமைக்குப் பூவே வரவில்லை. பிறகு ஒரு நாள், பூ இல்லாமல் எழுத்து மட்டும் வந்தது. தான் ஒரு கட்டடத்துக்குக் காவல் நிற்பதாகவும், அங்கே பூ என்று ஒன்றும் இல்லை, மணல்தான் என்றும், மகளை அவள் பிறந்த நாளிலிருந்து போனில் மட்டுமே பார்த்திருப்பதாகவும் எழுதியிருந்தார். அக்கா அதை என்னைக் கொண்டு திரும்பத் திரும்ப வாசிப்பித்தார்.

"பாத்தியா, பூவுக்குப் பின்னால ஒரு மனிசன் நிண்டிருக்கிறான்."

இதெல்லாம் இப்போது சொல்ல நன்றாக இருக்கிறது. அப்போது எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அக்கா கேட்பது எல்லாம் வெளியில், ஊர் உலகம் பார்க்கிற இடத்தில். கோயில் வாசலில் பெண்கள் என்னைப் பிடித்துக்கொள்வார்கள்.

"என்னடி, உங்கட கந்தோர் இண்டைக்கு எந்த நாட்டில திறந்திருக்கு?"

"பனடோல் குடிக்கச் சொல்லி எங்களுக்கும் ஒருக்கா எழுதிவிடன்."

வீட்டில் என் புருசனும் விட மாட்டார். "செக்ரட்டரி அம்மா, சோத்தைப் போட்டிட்டு டியூட்டிக்குப் போங்கோ" என்பார்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் அக்காவிடம் சொன்னேன். "இன்பொக்ஸ் எண்டு ஒண்டு இருக்குது அக்கா. அதுக்குள்ள எழுதினால் அவைக்கு மட்டுந்தான் தெரியும். ஒருத்தரும் சிரிக்க மாட்டினம்."

அக்கா பாயில் கிடந்த மீனைப் புரட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"முன்னப் பின்னத் தெரியாத ஆக்களின்ர உள்வீட்டுக்குள்ள நேர பூருவியோ? முதல்ல படலைக்கு வெளிய நிண்டு, 'வீட்டுக்காரர்' எண்டு கூப்பிட வேணும். எல்லாருக்கும் கேக்கக் கூப்பிட வேணும். களவாக் கூப்பிடுறவன் களவுக்கு வந்தவன். அவை வந்து வாங்கோ எண்டால் முற்றம். முற்றத்தில இருந்து கதைச்சு, அவைக்கு மனம் வந்தால் விறாந்தை. உள்வீடு எல்லாருக்கும் இல்லைப் பிள்ளை."

அவர் முகநூலையும் எங்கள் ஒழுங்கையைப் போல ஒரு ஒழுங்கை என்றுதான் நினைத்திருந்தார். கொமன்ற் படலை. இன்பொக்ஸ் உள்வீடு. யாராவது 'ஹாய், சுகமா' என்று நேராக உள்ளே வந்தால், "வெளியால வரச் சொல்லு" என்பார்.

வெட்கத்தில் நான் ஒரு தந்திரம் செய்து பார்த்தேன். அவர் சொல்வதைக் கொஞ்சம் மினுக்கி எழுதினேன். 'கைக்கு என்ன நடந்தது' என்பதை 'தங்கள் உடல்நலம் குறித்து அறிய ஆவலாய் உள்ளேன்' என்று. பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்குப் படித்த தமிழ். அக்கா வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"இது ஆர் கதைக்கிறது? கடிதம் எழுதுற விதானையோ?" என்றார். "அழி. நான் கதைச்ச மாதிரி எழுது. பிழையெண்டாலும் பரவாயில்லை. திருத்தாத."

ஆனாலும் விரல் கேட்காது. ஒரு சொல்லையாவது திருத்தப் பார்ப்பேன். அக்கா கண்டுபிடித்துவிடுவார்.

ஒரு விடயத்தில் அவர் அளவுக்கு மிஞ்சிப் போவார். யார் எது அனுப்பினாலும் பதில் எழுதியாக வேண்டும். சங்கிலிச் செய்தி அனுப்பியவருக்கும் பதில். போன் கொம்பனி அனுப்புகிற விளம்பரத்துக்கும் ஒரு முறை, 'இப்ப வேண்டாம் தம்பி, சொன்னதுக்கு நன்றி' என்று எழுதுவித்தார். "அது மிசின் அக்கா" என்று நான் சொன்னபோது, "மிசினோ ஆளோ, கூப்பிட்டால் பதில் சொல்ல வேணும். பதில் சொல்லாமல் இருக்கக் கூடாது" என்றார். குரல் கொஞ்சம் கடுமையாக இருந்தது. சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் பின்னேரம், யாரோ பகிர்ந்த ஒரு படம் வந்தது. சிலாவத்துறையில் ஒரு இளைஞன் தன் தாய்க்கு வீடு கட்டுகிறான். அத்திவாரம் முடிந்து சுவர் எழும்பியிருந்தது. அவன் சீமெந்துக் கையோடு நடுவில் நின்று சிரித்தான். பெயர் றிஸ்வி. 'இருபது வருசத்துக்கு மேல் புத்தளத்தில் அகதி. இப்போது உம்மாவின் மண்ணில்' என்று எழுதியிருந்தான்.

"பெருசாக்கு. ஓரத்துக்குப் போ."

ஓரத்தில் ஒரு கிணறு. கிணற்றில் ஒரு பெண் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார். முதுகுதான் தெரிந்தது. தலையில் முக்காடு. கயிற்றை இடது கையால் இழுத்துக்கொண்டிருந்தார்.

அக்கா போனை என்னிடமிருந்து வாங்கி முகத்துக்குக் கிட்டப் பிடித்தார். நான், 'எழுது' என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன். அவர் எழுதச் சொல்லவில்லை. போனை என் கையில் வைத்துவிட்டு, காயாத மீனையெல்லாம் பாயிலிருந்து அள்ளிக் கடகத்தில் போடத் தொடங்கினார்.

இரண்டு நாள் வேலிப் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, "அந்தப் பெடியன்ர படத்துக்கு எழுது" என்றார். "கிணத்துத் தண்ணி நல்ல தண்ணியோ, உப்புச் சவரோ எண்டு கேள்."

"நான் பள்ளிமுனையில இருந்து கதைக்கிறன் எண்டு முதல்ல போடுறன்" என்றேன். அவருடைய எல்லாக் கேள்வியும் அப்படித்தானே தொடங்கும்.

"அது வேண்டாம். மகன்ர போனில ஒரு மாமி கதைக்கிறன் எண்டு போடு. காணும்."

றிஸ்வி அன்றைக்கே பதில் போட்டான். தண்ணீர் இப்போது கொஞ்சம் சவர். முந்தி நல்ல தண்ணியாம் என்று உம்மா சொல்லுகிறா. வீட்டில் ஆடு நிற்கிறதா என்று அக்கா கேட்டார். கூரைக்கு ஓடா தகரமா என்று கேட்டார். அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். கொஞ்ச நாளில் அவனாகவே மாமியை இன்பொக்ஸுக்குள் கூப்பிட்டு எழுதத் தொடங்கினான். அவன் புத்தளத்தில் முகாமுக்குள் வளர்ந்தவன். 'எல்லாரும் ஊருக்குத் திரும்பி வந்திட்டீங்கள் எண்டு சொல்லுறாங்க மாமி. எனக்கு இது உம்மாட ஊர்தான். என்ட ஊர் எண்டு இன்னும் வரேல்ல' என்று ஒரு முறை எழுதினான்.

அக்கா மீன் கையைச் சேலையில் துடைத்தார். "எழுது. கடைக்குப் போகேக்க உன்னை ஆராவது பேர் சொல்லிக் கூப்பிடுகினமோ? ஒராளெண்டாலும் கூப்பிட்டால் சொல்லு."

இரண்டு கிழமை கழித்து அவன், 'இண்டைக்கு மீன்காரர் றிஸ்வி எண்டு கூப்பிட்டார் மாமி' என்று எழுதியிருந்தான். அதை வாசித்துக் காட்டியபோது அக்காவின் முகத்தில் வந்த சிரிப்பை நான் அதற்கு முதல் பார்த்ததில்லை.

பிறகு ஒரு நாள், தண்ணீரின் சவர்க் குணம் போக நெல்லிக் கட்டை வெட்டிக் கிணற்றுக்குள் போட்டுப் பார்க்கும்படி அக்கா எழுதுவித்தார். அடுத்த நாள் றிஸ்வி இப்படி எழுதினான்: 'மாமி, நெல்லிக் கட்டைக் கதையை உம்மாட்டச் சொன்னன். அதிலயிருந்து அவ ஒருத்தரோடயும் கதைக்கிறா இல்லை. நீங்கள் ஆரெண்டு கேக்கச் சொன்னா.'

வாசித்துவிட்டு நிமிர்ந்தேன். அக்கா வேலியின் கிடுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மூடு" என்றார்.

போன் கொம்பனிக்குக்கூடப் பதில் எழுதுவித்தவர், அந்தப் பிள்ளைக்குப் பதில் எழுதுவிக்கவில்லை. ஒரு கிழமை போனது. நாங்கள் வாசித்துவிட்டோம் என்பது அவனுக்கும் தெரிந்திருக்கும். கடைசியில் நானே வேலியடிக்குப் போனேன்.

"அக்கா, அந்தப் பிள்ளை கூப்பிட்டிருக்கு."

"தெரியும்."

"கூப்பிட்டால் பதில் சொல்ல வேணும் எண்டு நீங்கள்தானே..."

"வாயை மூடடி!" என்று கத்தினார். பிறகு பாய்க்குப் பக்கத்தில் குந்தியிருந்து, "அவ ஆரெண்டு உனக்குத் தெரியேல்லையோ? நீயும் இஞ்சதானே இருந்தனீ. றகுமத்தடி" என்றார்.

அப்போதுதான் கிணற்றுக் கயிற்றை இழுத்த அந்த இடது கை எனக்கு ஞாபகம் வந்தது. றகுமத்துக்கு எல்லா வேலைக்கும் இடது கைதான்.

றகுமத் சிலாவத்துறையைச் சேர்ந்தவர். கலியாணம் முடித்து மன்னாரில், எங்கள் ஒழுங்கைக்குக் கிட்ட வாடகை வீட்டில் இருந்தார். புருசனுக்குக் கடைத்தெருவில் ஒரு சின்னக் கடை. அக்காவும் அவரும் ஒரே வயது. அவர் எங்கள் ஒழுங்கைக்குள் வராத நாள் இல்லை. அக்காவும் ஒருமுறை அவரோடு சிலாவத்துறைத் தாய்வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் நின்றவர். அங்கேதான் அந்தக் கிணற்றுக்கு நெல்லிக் கட்டை போடுகிற யோசனையைச் சொல்லி, தண்ணீரும் திருந்தியிருக்கிறது.

தொண்ணூறாம் ஆண்டு, முஸ்லிம் சனங்கள் எல்லோரும் ஊரை விட்டு வெளிக்கிட வேண்டும் என்று சொல்லப்பட்ட நாட்களில் எனக்குப் பதின்மூன்று வயது. அவர்களோடு கதைக்கக் கூடாது, அவர்களுடைய ஒரு சாமானையும் வாங்கி வைக்கக் கூடாது என்று ஊருக்குள் கதை உலாவியது. சொன்னவர்கள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கிற காலமும் இல்லை. எல்லா வீட்டுக் கதவும் பட்டப்பகலில் பூட்டிக் கிடந்தது.

அன்றைக்கு மத்தியானம் றகுமத் ஒழுங்கைக்குள் வந்தார். ஒரு கையில் பை. இடுப்பில் பிள்ளை. அக்காவின் படலைக்கு முன்னால் நின்று, "வீட்டுக்காரர்... வீட்டுக்காரர்..." என்று வழக்கம்போலக் கூப்பிட்டார். பதில் இல்லை. பிறகு அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பதில் இல்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, பூட்டிய கதவைப் பார்த்து, "அப்ப நான் போயிட்டு வாறன்" என்றார்.

எங்கள் பக்கத்தில் யார் எங்கே வெளிக்கிட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். வீட்டில் நிற்கிறவர், "ஓம், போயிட்டு வா" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் வருமட்டும் போகிறவர் கால் எடுக்க மாட்டார். சாமான் வாங்கப் போனாலும் அதுதான் வழக்கம். றகுமத் அந்தச் சொல்லுக்காக நின்றார். பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நின்றார். பிறகு போனார். நான் எங்கள் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா என் பின்னலைப் பிடித்து உள்ளே இழுத்தார். எங்கள் வீட்டிலிருந்தும் ஒரு சொல் போகவில்லை.

"ஆளில்லை எண்டு அவ நினைச்சிருப்பா எண்டுதான் இவ்வளவு நாளும் என்னை நானே பேய்க்காட்டிக்கொண்டு இருந்தனான்" என்றார் அக்கா. "சிலாவத்துறைக்கு இஞ்சயிருந்து பஸ் போகுது. நோர்வேக்காரியின்ர கையைப் பற்றிக் கேக்கிறன். இந்தா கிடக்கிற சிலாவத்துறைக்குப் போக எனக்கு முகமில்லை."

போனைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் போனைப் பார்த்து, "எழுது" என்றார்.

"பள்ளிமுனையில இருந்து கதைக்கிறன். அண்டைக்கு நான் உள்ளுக்குத்தான் நிண்டனான். நீ கூப்பிட்டது எல்லாம் கேட்டது."

அந்த முறை நான் ஒரு எழுத்தும் மினுக்கவில்லை.

வாசித்ததற்கு அடையாளம் வந்தது. பதில் வரவில்லை. மாரி மழை தொடங்கி, கருவாடு போட முடியாத நாட்களும் வந்து போயின. றிஸ்வி புதுப்படம் ஒன்றும் போடவில்லை. இன்னொரு முறை எழுதிப் பார்ப்போமா என்று நான் கேட்டேன். "கூப்பிட்டாச்சு. வாறதும் வராததும் அவவின்ர விருப்பம். படலையைப் போட்டு ஆட்டக் கூடாது" என்றார். ஆனால் ஒவ்வொரு நாளும் வேலிக்கு மேலால், "ஏதும் இருக்கோ?" என்று கேட்பார். "இல்லை அக்கா" என்று சொல்ல எனக்கு நாக்கூசியது.

வெயில் திரும்பிய பிறகு ஒரு காலையில் றிஸ்வியிடமிருந்து ஒரு வரி வந்தது: 'உம்மா சொல்லச் சொன்னா, வீட்டுக்குப் படலை போட்டாச்சாம்.'

அக்கா தனியாகப் போக மாட்டேன் என்றார். நான் கூடப் போனேன். தான் போட்டதிலேயே நல்ல பாரைக் கருவாட்டைப் பொறுக்கி, காகிதத்தில் சுற்றி, பைக்குள் வைத்திருந்தார். பஸ் பாலத்தைக் கடந்து, வங்காலை தாண்டி, நறுவிலிக்குளம் பக்கத்து வயல்களைக் கடந்து போனது. வழக்கமாக அவர் பக்கத்து இருக்கைக்காரரின் ஊர், பேர், வயிற்று வலி எல்லாவற்றையும் கேட்டுவிடுவார். அன்றைக்கு ஒருவரோடும் கதைக்கவில்லை.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. படத்தில் பார்த்த கிணறு. புதுத் தகரத்தில் ஒரு படலை. உள்ளே யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

அக்கா படலைக்கு முன்னால் நின்றார். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துவிட்டு இன்னொருமுறை முயன்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

என் வாழ்க்கையில் நான் ஒருவருடைய படலையிலும் நின்று சத்தமாகக் கூப்பிட்டதில்லை. எங்கிருந்து வந்ததோ தெரியாது, "வீட்டுக்காரர்!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு ஒரு பெண் குரல் கேட்டது.

"இது எனக்குத் தெரிஞ்ச குரல் இல்லையே. கூப்பிட வேண்டியவ கூப்பிடட்டும்."

அக்கா படலையின் தகரத்தைப் பிடித்தார். "றகுமத்து..." என்றார். வெடித்துப் போன குரல். "றகுமத்து, நான்தான்."

அவர் வந்தார். படலையைத் திறக்கவில்லை. அதன் மேல் இடது கையை வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார். அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அக்கா ஏதோ சொல்லத் தொடங்க, அவர் முகத்தைத் தூக்கிக் காற்றை மோந்தார்.

"என்ன மணக்குது?"

அக்கா பையைப் பின்னுக்கு மறைத்தார். "கருவாடு. உனக்கெண்டு..."

"அண்டைக்கும் மணந்தது" என்றார் றகுமத். "உன்ர வீட்டுக்குள்ள மீன் பொரிஞ்சுகொண்டிருந்தது. ஆளில்லாத வீட்டில மீன் பொரியுமோடி? அந்த மணத்தோடதான் நான் புத்தளத்துக்கு வள்ளம் ஏறினனான்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வெயில் எரித்தது. எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. றகுமத் என் பக்கம் திரும்பினார்.

"பக்கத்து வீட்டு யன்னலில ஒரு பெட்டை நிண்டது."

"அது நான்தான்" என்றேன்.

"ம். கண்டனான்."

அதற்குப் பிறகுதான் படலையைத் திறந்தார். முற்றத்தில், கிணற்றுக்குப் பக்கத்தில் இரண்டு கதிரை கொண்டுவந்து போட்டார். விறாந்தைக்கு வரச் சொல்லவில்லை. கருவாட்டுப் பையை வாங்கிக் கிணற்றுக் கட்டின் மேல் வைத்தார். றிஸ்வி தேத்தண்ணி கொண்டுவந்தான். படத்தில் கண்டதைவிட மெல்லிய பிள்ளை. "நீங்கள்தானா அந்த மாமி?" என்று கேட்டுச் சிரித்தான். அக்கா அவனை நிமிர்ந்து பார்க்க முடியாமல் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு இடுப்பில் இருந்த பிள்ளை அவன்தான்.

றகுமத் தண்ணீரைப் பற்றி மட்டும் கதைத்தார். நெல்லிக் கட்டை போட்டதையும், தண்ணீர் கொஞ்சம் திருந்தியிருப்பதையும் சொன்னார். ஒரு செம்பில் அள்ளிக் கொடுத்தார். அக்கா குடித்தார். "ஓம், நல்ல தண்ணி" என்றார். எனக்கு அது சவராகத்தான் இருந்தது.

வெளிக்கிடுகிற நேரம் வந்தது. படலையடியில் நின்று அக்கா, "அப்ப... போயிட்டு வாறன்" என்றார்.

அவர் அதைச் சொல்லிவிட்டுக் கால் எடுக்காமல் நின்றதைப் பார்த்தேன். பதில் வராமல் போனால் அது நியாயம்தான் என்று நானும் நினைத்தேன். றகுமத் ஒரு கணமும் எடுக்கவில்லை.

"ஓம், போயிட்டு வாங்கோ" என்றார். என்னையும் பார்த்துச் சொன்னார்.

அந்தக் கணத்தில் அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. றகுமத் ஏசியிருந்தால் அக்கா தாங்கியிருப்பார்.

பஸ்ஸில் ஏறி, சிலாவத்துறைக் கடைகள் மறைந்ததும் அக்கா, "போனைத் தா" என்றார்.

"சொல்லுங்கோ, நான் எழுதுறன்."

"தா எண்டுறன்."

மடியில் வைத்துக்கொண்டு தட்டத் தொடங்கினார். கண்ணாடி அசையவில்லை. விரலைச் சேலையில் துடைத்தார். கன்னத்தில் தேய்த்தார். வேறு விரலால் தட்டினார். ஒரு எழுத்து விழும், இரண்டு எழுத்து பிழைக்கும், எப்படி அழிப்பது என்று மட்டும் என்னிடம் கேட்பார். முன் இருக்கைக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் வயல்களைக் கடந்து, வங்காலையைக் கடந்து, பாலத்தில் ஏறுமட்டும் அவர் தட்டிக்கொண்டேயிருந்தார். இரண்டு பக்கமும் கடல் வந்தபோது போனை என்னிடம் நீட்டினார்.

"அனுப்பு."

பார்த்தேன். 'ஓம் றகுமத்து போயிட்டு வா' என்று இருந்தது.

போய்க்கொண்டிருப்பது நாங்கள் அல்லவா, பிழையாக எழுதிவிட்டார் என்று என் விரல் திருத்தப் போனது. அப்புறம்தான், அது இன்றைக்கு அல்ல, அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய சொல் என்று விளங்கியது. அக்கா யன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீட்டிய விரலை மடக்கிக்கொண்டு, அவர் எழுதியபடியே அனுப்பிவிட்டு, "போயிட்டுது அக்கா" என்றேன்.